அப்பாடா என்று நினைத்தது யார்?

‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்று ஒரே வாரத்தில் பதினான்கு பேர் கேட்டுவிட்டார்கள். பால் சொசைட்டியில் கேட்டார்கள், ரேஷன் வரிசையில் கேட்டார்கள், கோயிலுக்கு விளக்குப் போட வந்த அம்முலுகூடத் திரியைத் திரித்துக்கொண்டே கேட்டாள். பதினான்குக்கு மேல் சசிரேகா எண்ணுவதை விட்டுவிட்டாள். ஒரு கதை எழுதியதற்கு இவ்வளவு விசாரணையா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சசிரேகா ஜெகனைக் கட்டிக்கொண்டு திருப்புலிவனத்துக்கு வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் காலை பத்திலிருந்து ஒரு மணி வரை டைப் அடிக்கிறாள். மஞ்சள் நீராட்டு விழா, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, பட்டா மாற்றக் கோரும் மனு என்று சுற்றுவட்டாரத்துச் சந்தோஷமும் துக்கமும் அவள் விரல் வழியாகத்தான் வெளியே வரும். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் கதை எழுதுவாள். எட்டு வருஷமாக எழுதுகிறாள், எட்டு வருஷமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

ஒரு மாதப் பத்திரிகையின் ஆசிரியர் மட்டும் நல்ல மனுஷர். திருப்பி அனுப்பும்போது நாலு வரி எழுதுவார். ‘உங்கள் பாத்திரங்கள் எழுகிறார்கள், நடக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள். எல்லாம் சரி. அவர்கள் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று வாசகனுக்குத் தெரிய வேண்டாமா?’

படித்துவிட்டு அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. இந்த ஊரில் யார் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று யாருக்குத் தெரியும்? அன்று சாயந்திரமே, ஒரகடம் கம்பெனி வேனிலிருந்து இறங்கி வந்த புருஷனைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டாள்.

“இப்ப உன் மனசுல இன்னா ஓடுது?”

“சோறு எப்ப போடுவன்னு ஓடுது.”

“அதுக்கும் உள்ள?”

ஜெகன் கொஞ்சம் யோசித்துப் பார்த்தான். “அதுக்கும் உள்ள இன்னா, கொயம்புதான்” என்றான்.

இவனை வைத்துக்கொண்டு எந்தக் காலத்தில் மன ஓட்டம் எழுதுவது என்று தலையில் அடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

இதற்கிடையில் பக்கத்து வீட்டு ராஜாராம் அவளிடம் ஒரு வேலை கொண்டுவந்தார். ராஜாராம் ஜெகனுக்குப் பங்காளி முறையில் அண்ணன். நாலு ஏக்கர் நெல்லும் கொஞ்சம் கரும்புமாக வைத்திருக்கிறவர். அவர் அப்பா சுப்பிரமணி வாதத்தில் விழுந்து மூன்று வருஷம் கட்டிலோடு கிடந்தார். ராஜாராம் ஆள் போடவில்லை, மனைவி கனகாவையும் கழுவ விடவில்லை. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, ஊட்டுவது எல்லாம் அவரேதான். அப்பாவுக்குக் கூப்பிட வாய் வராது என்பதால் கட்டில் காலில் ஒரு மாட்டு மணியைக் கட்டி, கயிற்றை நல்ல கையில் கொடுத்திருந்தார். கழனியில் நின்றாலும் அந்த மணிச் சத்தத்துக்கு ஓடி வருவார் என்று ஊரே சொல்லும். அது உண்மைதான்.

அப்பா போய் ஒரு வருஷம் ஆனபோது நினைவு மலர் போட வேண்டும் என்று சசிரேகாவிடம் வந்தார். தேதி, நிலம், கோயிலுக்குச் செய்தது எல்லாம் சொன்னார். “அப்பாவ பாத்துக்கினு இருந்தப்ப நீங்க இன்னா நெனச்சிங்க மாமா?” என்று அவள் கேட்டாள். “இன்னாத்த நெனைக்கிறது? நீயே நல்லதா எதுனா போட்டுக்கோ” என்றார். அவளும் போட்டாள். ‘இறைவா, என் ஆயுளில் பாதியை எடுத்து என் தந்தைக்குக் கொடு என்று நித்தமும் நெஞ்சுக்குள் மன்றாடினார்’ என்று எழுதினாள். திவசத்தன்று இருநூறு பிரதி கொடுத்தார்கள். பெண்கள் அந்த வரியைப் படிக்கச் சொல்லிக் கேட்டு அழுதார்கள். உனக்கு எப்படித் தெரியும் என்று ஒருத்தர் கேட்கவில்லை.

அந்த மலரை முடித்த கையோடுதான் அவள் ‘மதியக் கஞ்சி’ என்ற கதையை எழுதினாள். படுத்த படுக்கையாக ஒரு அப்பா, பார்த்துக்கொள்கிற மகன். ஊர் வேறு, பெயர் வேறு. ஒரு நாள் மதியம் மகன் கஞ்சிக் கிண்ணத்தோடு வாசற்படியில் வந்து நிற்கிறான். அப்பாவின் நெஞ்சு அசையவில்லை. ‘அப்பாடா’ என்று நினைக்கிறான். உடனே நெஞ்சு அசைகிறது. கதை அவ்வளவுதான். ஆசிரியர் இந்தத் தடவை திருப்பி அனுப்பவில்லை. ‘இதைத்தான் கேட்டேன்’ என்று எழுதி ஆவணி மாத இதழில் போட்டுவிட்டார்.

சசிரேகா செய்த தப்பு ஒன்றே ஒன்று. கதையில் கட்டில் காலில் ஒரு மாட்டு மணி தொங்கியது.

இதழ் வந்த மறுவாரம் ராஜாராம் கடைக்கே வந்தார். சுருட்டிய புத்தகத்தைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தார்.

“இத்த எழுதுனது நீதானே?”

“ஆமா மாமா. கததான்.”

“இந்த மணி யாருது?”

“மணி உங்களுதுதான், ஒத்துக்கறேன். அத்த எடுத்தது தப்புதான். மத்ததெல்லாம் கற்பன.”

“கற்பனன்னா இன்னான்னு எனக்குத் தெரியாதா? பேயி, பறக்குற குதிர, அது கற்பன. இது நடந்தது.”

சசிரேகாவுக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. “நடந்ததா?” என்றாள்.

ராஜாராம் சுற்றிலும் பார்த்தார். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு பெண் ஆதார் அட்டையோடு நின்றிருந்தாள். அவள் போகிறவரை காத்திருந்து குரலைத் தாழ்த்தினார். “நடந்தது. இத்த நான் ஒருத்தர்கிட்டதான் சொல்லிக்கீறேன். கருமாதி முடிஞ்ச அன்னிக்கு, பம்ப் செட்டுகிட்ட ஒக்காந்து கனகாகிட்ட சொன்னேன். சொல்லி அயுதேன். அவ வந்து உன்கிட்ட சொல்லிக்கீறா, நீ புக்குல போட்டுக்கீற.”

“அக்கா ஒரு வார்த்த சொல்லல மாமா. சத்தியமா நானேதான் எழுதுனேன்.”

“என் மனசுல ஓடுனது உனக்கு எப்டி தெரியும்?”

“நெனவு மலர்ல உங்க ஆயுசுல பாதிய குடுக்கச் சொல்லி நீங்க சாமிய கேட்டதா எழுதுனனே, அது மட்டும் எப்டித் தெரிஞ்சிச்சாம்?”

“அது ஊருக்கே தெரியும்” என்றார் ராஜாராம்.

இப்படிப் பேசுகிறவரிடம் எந்தப் பக்கம் போய் முட்டிக்கொள்வது? அவர் புத்தகத்தை மறுபடி சுருட்டிக் கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கனகாவின் தலையில் விழுந்தது. ராஜாராம் அவள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. நாஷ்டாவுக்கு உத்திரமேரூர் ஓட்டலுக்குப் போனார். இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்தாம் நாள் தென்னேரியில் இருக்கும் அவள் அண்ணன் முனிரத்தினத்துக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். ஊருக்குக் காரணம் தெரியாது. கதையில் ஏதோ எழுதி ராஜாராம் வீட்டில் பேஜாராகிவிட்டது என்று மட்டும் தெரியும். கேட்கிறவர்களுக்கெல்லாம் அவர் ஒரே பதில்தான் சொன்னார். “அதுல எழுதினத நான் நெனச்சேனாம். அவளுக்கு எப்டித் தெரியும்னு அவளயே கேளு.” பதினான்கு பேரும் அப்படி வந்தவர்கள்தான்.

சசிரேகாவுக்கு இதில் நெஞ்சை அறுத்தது கனகாதான். சசிரேகாவின் மாமியார் மங்கம்மா வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து ஒன்றரை வருஷமாகப் படுக்கையில் இருக்கிறாள். சசிரேகா கடைக்குப் போகிற அந்த மூன்று மணி நேரமும் கனகாதான் எட்டிப் பார்த்துக்கொள்வாள், தண்ணீர் கொடுப்பாள், புரட்டிப் படுக்க வைப்பாள். அவள் இல்லாவிட்டால் கடையும் இல்லை, கதையும் இல்லை. அப்பேர்ப்பட்டவளைத் தன் ஒரு வார்த்தை வீட்டை விட்டுத் துரத்துகிறதே என்று சசிரேகாவுக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை குழாயடியில் கனகா அவளைப் பிடித்துக்கொண்டாள். முகம் வீங்கியிருந்தது.

“சசி, நான் எப்பனா உன்கிட்ட சொன்னனாடி?”

“இல்லக்கா.”

“மறந்து கிறந்து சொல்லிட்டனா? தூக்கத்துல எதுனா ஒளறினனா?”

“தூக்கத்துல நீங்க ஒளறுனா எனக்கு எப்டிக்கா கேக்கும்?”

“அப்ப உனக்கு எப்டிடி தெரியும்?”

எண்ணுவதை விட்ட பிறகும் இன்னொரு ஆள். சசிரேகாவுக்குக் குடத்தைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போல இருந்தது. பதில் அவளிடம் இல்லாமல் இல்லை. இந்த ஒரு வாரமாக நாக்கு நுனி வரைக்கும் வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு முனிரத்தினம் பைக்கில் வந்து இறங்கினார். பங்காளி என்ற முறையில் ஜெகனையும் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிடாமலேயே சசிரேகாவும் போனாள். கனகா ஒரு கட்டைப் பையில் நாலு புடவையை மடித்து வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்தாள். முனிரத்தினம், தனக்குக் கொடுத்த மோரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

“புருஷன் பொண்டாட்டிக்குள்ள பேசுனத வெளிய சொல்றவள நான் எப்டி வெச்சிக்கினு குடும்பம் பண்றது?” என்றார் ராஜாராம். “இன்னா பேசுனோம்னு கேக்காத மச்சான். அத்த என்னால இன்னொரு தபா சொல்ல முடியாது.”

“எந்தங்கச்சி சொல்லலன்றாளே.”

“அவ சொல்லாம எப்டி வந்துச்சி? மனசுல ஓடுனது காத்துல பறந்து போச்சா?”

சசிரேகா சுவரில் சாய்ந்து நின்றாள். எத்தனையோ பொய் அவளுக்குத் தோன்றியது. கனவில் சுப்பிரமணி பெரிய மாமா வந்து சொன்னார் என்று சொன்னால் இவர்கள் நம்பிவிடுவார்கள். காஞ்சிபுரத்தில் யாரோ சொன்ன கதை என்றும் சொல்லலாம். கதை எழுதத் தெரிந்தவளுக்கு ஒரு பொய் கட்டத் தெரியாதா? ஆனால் எந்தப் பொய் சொன்னாலும் ராஜாராமின் சந்தேகத்தில் கொஞ்சம் கனகாவின் மேல் ஒட்டிக்கொண்டேதான் இருக்கும். அதைக் கழுவ ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்ல இந்த இடத்தில் ஜெகன் இருக்கக் கூடாது. அவனோ அவளுக்கு நேர் எதிரே, காலை மடக்கி உட்கார்ந்திருந்தான்.

“மாமா, அத்த நெனச்சது நீங்க இல்ல. நான்” என்றாள்.

யாருக்கும் புரியவில்லை.

“போன வருசம் ஆடி மாசம். கடையிலேருந்து வந்து கஞ்சி எடுத்துக்கினு எங்க அத்தகிட்ட போனேன். ஃபேன் காத்துல பொடவ ஆடிக்கினு இருந்துச்சி. நெஞ்சு ஆடுதா பொடவ ஆடுதான்னு தெரியல. அப்ப பாத்து கரண்டு பூட்ச்சி. ஃபேனு நின்னு, பொடவயும் நின்னுடுச்சி. நெஞ்சும் அசையல. நான் அப்பாடான்னு நெனச்சேன்.” அவள் ஜெகனைப் பார்க்கவில்லை. “மருமக நெனச்சான்னு எழுதுனா எங்க வூடுன்னு தெரிஞ்சிடும். அதான் மகன்னு மாத்துனேன். அதுவும் பத்தாதுன்னு உங்க மணிய எடுத்து மாட்டுனேன். உங்க மனசு எனக்கு எதுக்கு மாமா? என் மனசத்தான் அந்தாளு தலயில வெச்சேன்.”

ராஜாராம் தலையை ஆட்டினார். “கனகாவ காப்பாத்த சொல்ற.”

உண்மையைச் சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறாரே, இந்த மனுஷனை என்னதான் செய்வது? சசிரேகாவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. அந்தக் கோபத்தில்தான் மீதியையும் சொன்னாள். இல்லாவிட்டால் சொல்லியிருக்கவே மாட்டாள்.

“கதையில எழுதாதது ஒண்ணு கீது. கேட்டுக்கோங்க. எங்க அத்த கண்ண தொறந்து, ‘கரண்டு பூட்ச்சா? நீ துன்னியாடி?’ன்னு கேட்டாங்க. அப்ப எனக்கு இன்னொண்ணு வந்துச்சி. சே-ன்னு வந்துச்சி. இன்னும் இருக்கியான்னு வந்துச்சி. அத்த எழுதக் கை வரல.”

மோர் டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. ராஜாராம் கனகாவைப் பார்த்தார். ஒன்பது நாளில் அன்றுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

“எனக்கும் ரெண்டாவதா ஒண்ணு வந்துச்சி” என்றார். “அதேதான். அத்த நான் கனகாகிட்டகூட சொல்லல.”

அப்புறம் அங்கே பேச ஒன்றுமில்லை. கனகா பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகிறபோது புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் கோபம் ஆற நாளாகும், ஆனால் தென்னேரிக்குப் போகப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. முனிரத்தினம் மோரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வண்டிச் சாவியைத் தேடினார்.

ஜெகன் எப்போது எழுந்து போனான் என்று சசிரேகா கவனிக்கவில்லை. வாசலில் அவன் செருப்பு மட்டும் கிடந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அவன் திட்டவில்லை, அடிக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவள் நினைத்தாள். “எங்கம்மாவ நான் பாத்துக்கறேன். நீ அந்த ரூம் பக்கம் வராத” என்றான். கம்பெனிக்குப் போன் போட்டு லீவு சொன்னான். மறுநாள் காலையிலிருந்து பேசினில் தண்ணீர் பிடிப்பதும், துணி அலசுவதும், கஞ்சி காய்ச்சுவதும் அவன்தான். கஞ்சி ஒரு நாள் தீய்ந்தது, ஒரு நாள் உப்பில்லை. புரட்டத் தெரியாமல் புரட்டி மங்கம்மா கத்துகிற சத்தம் தெருவரை கேட்டது. இடது பக்கம் முதலில் தலையணை வைக்க வேண்டும் என்று சசிரேகா வெளியிலிருந்தே சொன்னாள். அவன் கதவைச் சாத்தினான்.

“ஏன் நைனா நீ வர? அவ எங்க?” என்று மங்கம்மா கேட்பாள்.

“அவளுக்கு வேல கீதும்மா.”

“வேலன்னா ஒரு தபா வந்து மூஞ்ச காட்டக்கூடாதா?”

சுவருக்கு இந்தப் பக்கம் நின்று இதைக் கேட்கிறபோது சசிரேகாவுக்கு ஆத்திரமாக இருந்தது. ஒன்றரை வருஷம் அள்ளிக் கொட்டியதெல்லாம் கணக்கில் இல்லை. ஒரு நொடி நினைத்தது மட்டும் குற்றம். நினைக்காதவன் எவன் என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் யாரிடம் கத்துவது? இதற்கு நடுவில் ஆசிரியரிடமிருந்து ஒரு கடிதம் வேறு. மதுரையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறாராம், கதை நன்றாக இருக்கிறது, ஆனால் பெற்ற தகப்பனைப் பற்றி எந்த மகனும் அப்படி நினைக்க மாட்டான், அந்த இடம் நம்பும்படியாக இல்லை என்று. அதைக் கசக்கி அடுப்பில் போட்டாள்.

ஒன்பதாம் நாள் மதியம் ஒன்றரை மணிக்குக் கடையிலிருந்து வந்தாள். வீட்டில் சத்தமே இல்லை. ஜெகன் கஞ்சிக் கிண்ணத்தோடு மங்கம்மாவின் அறை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். நாலு நாளாகச் சவரம் செய்யாத தாடி, தோளில் ஈரத் துண்டு. முதுகில் சட்டை ஒட்டியிருந்தது. அவன் உள்ளே போகவில்லை. கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சசிரேகா நடையிலேயே நின்றுவிட்டாள். அவன் எதைப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அந்த இடத்தில் அவளும் நின்றிருக்கிறாள். ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“நைனா” என்று உள்ளேயிருந்து மங்கம்மாவின் குரல் வந்தது. “ஏன் அங்கயே நிக்கிற? நீ துன்னியா?”

ஜெகனின் தோள் சட்டென்று இறங்கியது. பிறகு திரும்பியவன் நடையில் நிற்கிற பெண்டாட்டியைப் பார்த்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. இப்போது உன் மனசில் என்ன ஓடுகிறது என்று அவளும் கேட்கவில்லை.

அவன் நடந்து வந்து கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தான்.

“இத்த எழுதிடாத” என்றான்.

சரி என்று தலையாட்டினாள். கஞ்சி ஆறிப்போயிருந்தது. சூடு பண்ண அடுப்படிக்கு எடுத்துக்கொண்டு போனாள்.